டெக் செய்தியில் கலாய்ப்பதும் வாதாடுவதும்: டெல்டா வாட்ஸ்அப் குழுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்குமா, கடைமடை வரை தண்ணீர் வருமா என்று பேசிக்கொள்ள ஆரம்பித்த குழுக்கள்தான் இவை. இன்றைக்கு அதே குழுவில் காலை ஆறரை மணிக்கு ஒருவர், "செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு, இனி இன்ஜினியர் எல்லாம் மாடு மேய்க்க வேண்டியதுதான்" என்று போடுகிறார். "மேய்க்க மாடு எங்கண்ணே இருக்கு?" என்கிறார் இன்னொருவர். பேச்சு ஆதாருக்குத் தாவும், அங்கிருந்து எலான் மஸ்க், அப்புறம் மத்திய அரசா மாநில அரசா. மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறியிருப்பார்கள்.

யாரும் வெளியேறாமல், ஆனால் சுவாரசியமும் குறையாமல் இதைச் செய்ய முடியும். என் கட்சி ஒன்றுதான்: வாதாடுவதைவிடக் கலாய்ப்பதற்குத்தான் விஷயம் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாக வாதாடினால் யாராவது திருத்திவிடுவார்கள். அரைகுறையாகக் கிண்டலடித்தால் அந்தக் கிண்டலே செய்தியாகி மன்னார்குடியிலிருந்து மயிலாடுதுறை வரை போய்விடும். அதனால் கீழே உள்ள படிகளில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

படி 1: குழுவில் யார் யார் என்று பாருங்கள்

பள்ளித் தோழர்கள் குழு, தெருக் குழு, விவசாயிகள் குழு, சொந்தக்காரர்கள் குழு. இந்த நான்கிலும் ஒரே ஜோக் செல்லாது. பள்ளித் தோழர்கள் குழுவில் "உன் மூளைக்கே அப்டேட் வரலியேடா" என்றால் சிரிப்பு. அதையே சம்பந்தி இருக்கும் குழுவில் போட்டால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் தெரியும்.

விவசாயிகள் குழுவில் டெக் செய்தி என்பது வேடிக்கைப் பேச்சு மட்டுமல்ல. பயிர்க் காப்பீட்டுப் பதிவு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிவு, ட்ரோன் மருந்து தெளிப்பு எல்லாம் அவர்களுக்குக் காசு சம்பந்தப்பட்டவை. அங்கே கடைசித் தேதியை வைத்து விளையாடாதீர்கள்.

அப்புறம் நேரம். நம் ஊர்க் குழு எதிலும் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் இரவு பத்து மணிக்கு ஆரம்பிக்கும் வாதத்தில் சிங்கப்பூர்க்காரர் தூங்கப் போயிருப்பார், குவைத்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து உற்சாகமாக உட்கார்ந்திருப்பார். காலையில் சிங்கப்பூர்க்காரர் எழுந்து, முடிந்துபோன சண்டைக்கு முதல் பதில் போடுவார். இதைத் தவிர்க்க முடியாது. தெரிந்து வைத்துக்கொண்டால் கோபம் வராது, அவ்வளவுதான்.

படி 2: செய்தியின் வேரைப் பிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

2023 மார்ச் கடைசியில் எல்லாக் குழுவிலும் ஒரு செய்தி சுற்றியது: ஏப்ரல் 1 முதல் யூபிஐயில் 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் 1.1 சதவீதம் பிடிப்பார்கள். உடனே ஆளாளுக்கு அரசைத் திட்டினார்கள், சிலர் ஆதரித்தார்கள், மீம் பறந்தது. உண்மையில் நடந்தது வேறு. வாலட் மாதிரி முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கருவியிலிருந்து ஒரு கடைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் யூபிஐ வழியாகச் செலுத்தினால், நிறுவனங்களுக்குள் கைமாறும் கட்டணம் 1.1 சதவீதம் வரை இருக்கலாம் என்பதுதான் அறிவிப்பு. வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் சாதாரண ஆளுக்கு எந்தக் கட்டணமும் இல்லை என்று யூபிஐயை நடத்தும் தேசிய கொடுப்பனவுக் கழகமே விளக்கம் கொடுத்தது. 1.1 என்ற எண் சரி, 2,000 என்ற எண் சரி, தேதியும் சரி. யாரிடமிருந்து யாருக்கு என்பது மட்டும் தப்பு. நல்ல புரளிகள் எல்லாம் இப்படித்தான் முக்கால்வாசி உண்மையோடு வரும்.

ஆகவே ஒரு டெக் செய்தி வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். யார் அறிவித்தது? எந்தத் தேதி? எப்போதிலிருந்து அமல்? யாருக்குப் பொருந்தும்? இது சட்டமா, வரைவா, யாரோ சொன்ன யோசனையா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டாலே "சட்டம் வந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். கலந்தாய்வு அறிக்கை என்பது நம்மிடம் கருத்துக் கேட்கும் தாள். அதற்கு நாமே மின்னஞ்சல் அனுப்பலாம்.

தலைப்பு கேள்வியாக இருந்தால் இன்னும் உஷார். "இனி வாட்ஸ்அப் இயங்காதா?" என்று யூடியூப் முகப்புப் படம் கேட்டால், பதில் பெரும்பாலும் "இயங்கும்". கேள்விக்குறியோடு வரும் தலைப்புக்கு "இல்லை" என்று பதில் சொல்லிவிடலாம் என்று இயன் பெட்டரிட்ஜ் என்ற பத்திரிகையாளர் 2009-இல் எழுதினார். அவர் பெயரிலேயே அது விதியாகிவிட்டது.

எந்த ஆவணமும் கையில் இல்லாதபோது இயற்பியலைக் கேளுங்கள். 2016 நவம்பரில் புது 2,000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்றார்கள். பேட்டரி இல்லாத சிப், படிக்கும் கருவி பக்கத்தில் வந்தால்தான் பதில் சொல்லும். விண்வெளிக்குச் சமிக்ஞை அனுப்ப மின்சாரம் வேண்டும். "அண்ணே, அதுக்கு கரண்டு எங்கிருந்து வருது?" என்ற ஒரு கேள்வி போதும். இது வாதமும் ஆகும், கிண்டலும் ஆகும். மின்வெட்டு நாளில் கேட்டால் இன்னும் நன்றாக எடுபடும்.

படி 3: எதைப் பற்றிச் சண்டை என்று ஒரு வரியில் எழுதுங்கள்

ஒரு வாதத்தில் நான்கு வாதம் ஒளிந்திருக்கும். 2025 செப்டம்பரில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலி திடீரென்று எல்லோர் வாயிலும் அடிபட்டதே, அதைப் பாருங்கள். செயலி 2021-லேயே வந்தது. நான்கு வருடம் கழித்து சுதேசிப் பேச்சு வந்தபோது அலை அடித்தது. ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பிறந்தது தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் நம் பக்கக் குழுக்களில் கூடுதல் சூடு. "நம்ம ஊர்க்காரர் செஞ்சது, எல்லாரும் மாறுங்க" என்றார் ஒருவர். "அதுல பாதுகாப்பு இல்ல" என்றார் அடுத்தவர். "என் பொண்டாட்டியே அதுல இல்ல, நான் போய் யார்கிட்ட பேசுறது?" என்றார் மூன்றாமவர்.

மூவரும் ஒருவரை ஒருவர் மறுப்பதாக நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் பேசியது பெருமிதம், அடுத்தவர் பேசியது மறையாக்கம் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது), மூன்றாமவர் பேசியது ஆள் சேரும் கணக்கு. இவற்றில் ஆதாரம் காட்டி முடிக்கக்கூடியது நடுவில் உள்ளது மட்டும்தான்: அலை அடித்த அந்த நேரத்தில் அரட்டையில் அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இதை ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்தச் சண்டை முடிந்தது. பெருமிதத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. மூன்றாமவர் பிரச்சினையை அவர் வீட்டில்தான் பேச வேண்டும்.

ஆதாரும் இப்படித்தான். "கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லிருச்சு" என்பார் ஒருவர், "செல்லும்னு சொல்லிருச்சு" என்பார் இன்னொருவர். 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டையும் சொன்னது. அரசு நலத்திட்டங்களுக்கும் பான் அட்டைக்கும் ஆதார் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி ஜெயித்ததாக அறிவித்துவிட்டு டீ சாப்பிடப் போகலாம்.

படி 4: உவமை எடுத்தால் அது எங்கே உடையும் என்பதையும் யோசியுங்கள்

எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனம் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றிப் பேசினால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அவர்களிடம் மதகைப் பற்றிப் பேசுங்கள். வாய்க்கால் மதகில் நிற்பவர், உங்கள் வயலில் என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டு, எனக்கு வேண்டிய கம்பெனி விதைக்கு இலவசத் தண்ணீர், மற்றதற்குக் காசு என்று சொன்னால் விடுவோமா? 2015-இல் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். சில தளங்கள் மட்டும் இலவசம் என்று ஃபேஸ்புக் கொண்டுவந்த ஃப்ரீ பேசிக்ஸ், ஏர்டெல்லின் ஏர்டெல் ஜீரோ என்று அடுத்தடுத்துத் திட்டங்கள் வந்தன. டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் போய்க் குவிந்தன. அதில் பெரிய பங்கு ஒரு நகைச்சுவை வீடியோவுக்கு. யாரும் படிக்காத நீளமான அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு எடுத்த வீடியோ அது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் விதி போட்டது.

சரி, உவமை எங்கே உடையும்? எதிரே இருப்பவர் விவரமானவர் என்றால் கேட்பார்: "தம்பி, தண்ணி குறைஞ்சா முறை வெச்சுத்தானே விடுறோம்? கடைமடைக்குப் போகணும்னா மேல்மடையை அடைக்கத்தானே வேணும்?" நியாயமான கேள்வி. 2018-இல் அரசு ஏற்றுக்கொண்ட இணையச் சமநிலைக் கொள்கையிலும் நெரிசலைச் சமாளிக்க நியாயமான நிர்வாகத்துக்கு இடம் உண்டு. யாருடைய வயல் என்று பார்க்காமல் முறை வைப்பதற்கும், பார்த்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அங்கே நீங்கள் பேச வேண்டும். இந்தப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளாமல் மதகைத் திறக்காதீர்கள்.

படி 5: ஜோக்கை உருவாக்குவது

ஆங்கில மீமை அப்படியே தமிழில் போட்டால் சிரிப்பு வராது. நம் ஊர் நடைமுறைக்குள் செய்தியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அன்றைக்கு எடுபடக்கூடிய ஜோக் இது: "நம்ம கூட்டுறவு சொசைட்டிக்கு ஒண்ணும் ஆகலியாம். அங்க போன வாரத்துலேர்ந்தே சர்வர் இல்ல." நிறுவனமும் நிகழ்வும் சரியாக இருப்பதால் யாரும் குறுக்கே வர முடியாது. "மைக்ரோசாப்டையே ஹேக் பண்ணிட்டாங்க" என்று ஆரம்பித்திருந்தால், ஐடியில் வேலை பார்க்கும் மைத்துனர் வந்து "ஹேக் இல்ல மச்சான், அப்டேட்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அலுவல் மொழியில் ஜோக் அடிப்பது இன்னொரு வகை. இதில் உச்சம் 1998 ஏப்ரல் 1 அன்று வந்தது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகள் வெளியாகும் அதே ஆவண வரிசையில், காபிப் பானையை இணையம் வழியாக இயக்குவதற்கு ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். காபி போடச் சொல்லி ஒரு டீ கெட்டிலிடம் கேட்டால் அது 418 என்ற பிழை எண்ணோடு "நான் ஒரு டீ கெட்டில்" என்று பதில் தர வேண்டும். காஃபீன் நீக்கிய காபிக்கு அதில் வழியே கிடையாது, அதைக் குடித்து என்ன பயன் என்று கேட்டிருந்தார்கள். கும்பகோணத்தில் யாராவது எழுதியிருந்தால் சிக்கரிக்கும் ஒரு பிழை எண் கொடுத்திருப்பார்கள். பிறகு 2017-இல் அந்த 418-ஐ மென்பொருள்களிலிருந்து நீக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, நீக்கக் கூடாது என்று உண்மையிலேயே போராட்டம் நடந்து, அது தங்கிவிட்டது.

குறி வைப்பது பற்றி ஒரு வார்த்தை. நிறுவனத்தை, அரசை, விளம்பரத்தை, கோடீஸ்வரரை எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுங்கள். ஓடிபியைச் சொல்லிப் பணத்தை இழந்த பெரியவரை ஓட்டாதீர்கள். அப்படிச் சிரித்த குழுவில் அடுத்து ஏமாறுபவர் வாயே திறக்க மாட்டார். பணம் போனதும் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொன்னால் தடுக்க வாய்ப்பு உண்டு. வெட்கத்தில் அந்த நேரம் போய்விடும்.

படி 6: ஜோக் என்று தெரியும்படி போடுங்கள்

1982 செப்டம்பர் 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் :-) என்ற குறியை முன்மொழிந்ததே இதற்காகத்தான். லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று கணினிப் பலகையில் போன ஒரு வேடிக்கையைச் சிலர் நிஜ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு உண்டு. சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், குடும்பப் படத்தைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம் என்கிற மாதிரி வேடிக்கையாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்து, வேடிக்கையாகப் பேசும் உரிமை கருத்துச் சுதந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது என்றது. தீர்ப்பே நகைச்சுவையாக இருக்கும், வாரணாசியிலிருந்து வாடிப்பட்டி வரை மேயும் புனிதப் பசுக்களைப் பற்றிக்கூடப் பேசும். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே அரசாணை மாதிரி வடிவமைத்து, முத்திரை போட்டு ஜோக் செய்யாதீர்கள். சிரிப்புக் குறியைக் கீழே போட்டாலும், ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் அதை வெட்டிவிடுவார். வாட்ஸ்அப்பும் 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-இல், பலமுறை சுற்றிவந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றது. ஆனாலும் புரளி நிற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல், அணை நீர்மட்டம், பள்ளி விடுமுறை மூன்றையும் வைத்து எந்த ஜோக்கும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு மின்சாரமும் டவரும் இல்லாமல் வேதாரண்யம் பக்கம் இருந்தவர்களுக்கு எது செய்தி, எது புரளி என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

படி 7: வாதாடும்போது

எழுதுங்கள். நான்கு நிமிடக் குரல் பதிவில் வாதாடுபவரை யாராலும் மேற்கோள் காட்ட முடியாது. அதனாலேயே சிலர் அப்படி வாதாடுகிறார்கள். அவர் சொன்ன வரியையே இழுத்துப் பதில் போடுங்கள், நீங்களாகச் சுருக்கிச் சொல்லாதீர்கள். ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களைக் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம். தனியே போடுங்கள்:

"மாமா, காலைல போட்டீங்கள்ல அந்த சிப் மேட்டர், அது பழைய புரளி. நீங்களே எடுத்துட்டீங்கன்னா நல்லாயிருக்கும்."

"அப்படியா மாப்ள? எனக்கு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரே அனுப்பினாரேப்பா."

"அவருக்கு யாரோ அனுப்பியிருப்பாங்க மாமா."

அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எல்லோருக்கும் சேர்த்து அழிக்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் உண்டு. இதையும் மாமாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சூடாக வாதாடலாம், தப்பில்லை. 1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர், லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வடிவமைப்பு காலாவதியானது என்று அந்தக் கால இணைய விவாத மேடையான யூஸ்நெட்டில் எழுதினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது 22 வயது. கடுமையாகத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாளில் தன் தொனிக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார், கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து வருடத்தில் எல்லோரும் வேறொன்றைத்தான் பயன்படுத்துவார்கள் என்று கணித்த டானன்பாம் தோற்றார். இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ்தான். ஆனால் டானன்பாம் உருவாக்கிய மினிக்ஸ் இயங்குதளம், இன்டெல் சிப்புகளுக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது 2017-இல் வெளியே தெரிந்தது. பிரமாதமான சண்டை அது.

படி 8: சட்டம், சுருக்கமாக

2015 மார்ச் 24 அன்று இணையத்தில் எழுதியதற்குக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, உண்மை. அதற்காக எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அர்த்தமில்லை. அவதூறு இருக்கிறது, பீதி கிளப்பும் பொய்த் தகவலுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 353-ஆம் பிரிவு இருக்கிறது. "நான் எழுதல, ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்பது எடுபடாது. பகிர்ந்த செய்தி வில்லை விட்டுப் போன அம்பு மாதிரி, விளைவுக்கு அனுப்பியவர்தான் பொறுப்பு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அட்மினாக மட்டும் இருப்பவர் மற்றவர் போட்டதற்குப் பொறுப்பாக மாட்டார் என்று மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அட்மின்கள் கொஞ்சம் மூச்சு விடலாம்.

படி 9: முடிப்பது

வாதம் சாதிக்குப் போனால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். கட்சிக்குப் போனால் இன்னும் இரண்டு பதில் வரை பொறுக்கலாம். அதே வரியை மூன்றாம் முறை எழுதுகிறீர்கள் என்றால் அதுவும் போதும். நடுவில் யாராவது ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் போட்டால், சபை கலைந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல வீட்டுப் பெண்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

எதிர்காலம் பற்றிய வாதமாக இருந்தால் முடிக்க இன்னொரு வழி பந்தயம். யார் என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் என்று ஒரே செய்தியில் எழுதி, இருவரும் சரி என்று போட்டு, நட்சத்திரக் குறியிட்டு வையுங்கள். "ஏஐ எல்லா வேலையையும் பிடுங்கிடும்" என்று பந்தயம் கட்டக் கூடாது. எந்த வேலை, எந்த ஊரில், எத்தனை வருடத்தில் என்று எழுத வேண்டும். தோற்றவர் திருவையாற்றிலிருந்து அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கி வர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தோற்றால் லீவில் வரும்போது கொடுக்கலாம், வட்டிக்கு ஒரு கால் கிலோ சேர்த்து.